தமிழ்ப் பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டிய ரேனியஸ்

காசிமேட்டில் பொழுது விடிவதற்கு முன்பே விளக்குகள் எரியும். கடலுக்குப் போன படகுகள் கரைக்குத் திரும்பும். கூடை கூடையாக மீன் இறங்கும். ஏலம் போடும் குரல் வானைப் பிளக்கும்.

வெயில் ஏறியதும் அந்த வீட்டுப் பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள். வகுப்பில் ஆசிரியர் உலகப் படத்தை விரித்துக் காட்டுவார். இது ஆசியாக் கண்டம், இது இந்தியா, இது வங்காள விரிகுடா என்று கோலால் தொட்டுத் தொட்டுச் சொல்வார். அப்பா வலை வீசும் கடல், அந்தப் படத்தில் உள்ளங்கை அகலத்தில் நீலமாக இருக்கும். பிள்ளைகள் வியப்போடு பார்ப்பார்கள்.

இந்தப் பாடத்துக்கு இப்போது புவியியல் என்று பெயர். தாத்தா படித்தபோது அதைப் பூகோளம் என்றார்கள். அதற்கும் முன்னால் அதன் பெயர் பூமி சாஸ்திரம்.

அந்தப் பூமி சாஸ்திரத்தைத் தமிழில் முதன்முதலாகப் புத்தகமாக எழுதித் தந்த முன்னோடி யார் தெரியுமா? அவர் தமிழர் அல்ல. ஆங்கிலேயரும் அல்ல. ஜெர்மன் மொழி பேசும் நாட்டில் பிறந்து, இந்த வட சென்னைக் கடற்கரையில் வந்து இறங்கியவர்.

அவர்தான் ரேனியஸ் ஐயர்.

தந்தையை இழந்த சிறுவன்

ரேனியசின் முழுப் பெயர் சார்லஸ் தியோபிலஸ் எவால்ட் ரேனியஸ். 1790-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி பிறந்தார். பிறந்த இடம் பிரஷ்யா நாட்டில் உள்ள கிராவ்டென்ஸ் என்னும் கோட்டை. அந்த ஊர் இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது.

தந்தை பிரஷ்யப் படையில் அதிகாரியாக இருந்தவர். ரேனியஸ் சிறுவனாக இருக்கும்போதே அவர் காலமானார். வாலிப வயதில் ரேனியஸ் வசதியான உறவினர் ஒருவரின் வீட்டில் போய் இருந்தார். அங்கே உணவுக்குக் குறைவு இல்லை. நிலபுலன்களைப் பார்த்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

ஆனால் அந்த வீட்டில் இருந்த புத்தகங்கள் அவர் மனத்தை மாற்றின. தூர தேசங்களுக்குச் சென்று மத ஊழியம் செய்தவர்களின் வரலாறுகள் அவை. அவற்றைப் படிக்கப் படிக்கத் தாமும் அப்படிப் போகவேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டது.

பெர்லின் நகருக்குப் போனார். ஊழியர்களைப் பயிற்றுவிக்க ஜேனிக்கே என்ற போதகர் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். 1812-ம் ஆண்டு குருப்பட்டம் பெற்றார். பிறகு இங்கிலாந்து சென்றார். அங்கே சர்ச் மிஷன் சங்கம் அவரை இந்தியாவுக்கு அனுப்ப முன்வந்தது.

அதுவரை கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சியில் இருந்த இடங்களுக்குப் பாதிரிமார்கள் வருவதை விரும்பவில்லை. மத விவகாரத்தால் கலகம் வந்தால் வியாபாரம் கெடுமே என்ற பயம்! 1813-ம் ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றம் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பித்தபோது அந்தத் தடை தளர்ந்தது. கதவு திறந்ததும் உள்ளே வந்தவர்களில் ஒருவர் ரேனியஸ்.

துறைமுகம் இல்லாத பட்டணம்

1814-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி ரேனியஸ் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23. ஷ்னாரே என்ற ஜெர்மானிய ஊழியரும் அவருடன் வந்தார்.

அந்தக் காலத்தில் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தொலைவிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். அலை பயங்கரமாகப் புரளும். அந்த அலையைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரையில் சேர்ப்பவர்கள் கரையோரக் குப்பங்களில் வாழ்ந்த படகோட்டிகள்தான். அவர்களுடைய படகுக்கு மசூலாப் படகு என்று பெயர். பலகைகளை ஆணி அடித்துச் சேர்க்காமல், தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு உடையாமல் வளைந்து கொடுக்கும்.

பெரிய கப்பல் கட்டத் தெரிந்த வெள்ளைக்காரர்களுக்கும் அந்த அலையைத் தாண்ட இந்தப் படகோட்டிகளின் துணை தேவைப்பட்டது. அவர்கள் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. ஆனால் வாடைக் காற்று எப்போது வரும், கச்சான் எப்போது வீசும், எந்த நட்சத்திரம் எந்தத் திசையில் எழும் என்று அறிந்தவர்கள். தங்கள் கடலை அறிந்த அளவுக்கு, அந்தக் கடலின் அக்கரையில் என்ன இருக்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லத்தான் யாரும் இல்லை.

தமிழ் கற்ற வாலிபர்

ரேனியஸ் முதலில் தரங்கம்பாடிக்குப் போனார். அங்கே தமிழ் எழுத்துக்களைக் கற்கத் தொடங்கினார். 1815-ம் ஆண்டு தொடக்கத்தில் சென்னைக்குத் திரும்பி வந்தார். ராயபுரத்துக்குத் தெற்கே அடுத்தாற்போல் இருந்த கறுப்பர் பட்டணத்தில் தங்கினார். இன்று நாம் ஜார்ஜ் டவுன் என்று சொல்லும் இடம்தான் அது.

அங்கே பள்ளிக்கூடங்கள் தொடங்கினார். எளிய வீட்டுப் பிள்ளைகளும் வந்து படித்தார்கள். கோவில் கட்டினார். சிறு புத்தகங்களை அச்சிட்டுப் பரப்ப 1818-ம் ஆண்டு சென்னையில் ஒரு சங்கம் ஏற்பட்டபோது அதில் முன்னின்று உழைத்தார். சென்னையிலேயே திருமணமும் செய்துகொண்டார்.

அந்த நாளில் ஊர்ப் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள்? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவார்கள். கை பழகிய பிறகு பனை ஓலை. நீதி நூல்களை மனப்பாடம் செய்வார்கள். எண்சுவடி சொல்வார்கள். கணக்கில் கெட்டிக்காரர்களாக வருவார்கள்.

ஆனால் உலகம் எவ்வளவு பெரியது, அதில் எத்தனை கண்டங்கள், எந்தக் கடல் எங்கே இருக்கிறது என்ற பாடம் அங்கே இல்லை. ஏழு கடல், ஏழு தீவு என்ற புராணக் கதையைத்தான் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள்.

அந்தப் படிப்பும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, 1822-ம் ஆண்டு பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826-ல் கணக்கு வந்தது. மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள். படித்தவர்கள் 1,88,650 பேர். அவர்களில் பெண்பிள்ளைகள் வெறும் 4,540 பேர்! 40 மாணவர்களில் ஒரு பெண்தான் என்று சொல்லலாம்.

பாளையங்கோட்டையில் ஓர் உறுதி

1820-ம் ஆண்டு ஜூலை மாதம் ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு மாற்றலாகிச் சென்றார். அவருக்கு முன்பே ஹஃப் என்ற படைத்தளப் போதகர் அங்கே சில பள்ளிகளைத் தொடங்கியிருந்தார். ரேனியசும் அவருடைய நண்பர் ஷ்மித்தும் அந்த வேலையைப் பெருக்கினார்கள்.

ரேனியசுக்கு ஓர் ஆசை. பண்டிதர் வியக்கும்படி இலக்கணம் தெரியவேண்டும். பாமரருக்குப் புரியும்படி பேசவும் தெரியவேண்டும். இரண்டும் வேண்டும்! திருப்பாற்கடல்நாதன் கவிராயர் என்ற புலவரிடம் மாணவராக அமர்ந்தார். நன்னூல் போன்ற இலக்கணங்களைப் பாடம் கேட்டார். ஊர் ஊராகச் சென்று ஜனங்களின் பேச்சையும் காது கொடுத்துக் கேட்டார்.

ஊழியர்களையும் உபாத்தியாயர்களையும் தயார் செய்ய ஒரு விடுதிப் பள்ளி வைத்தார். பல சாதிப் பிள்ளைகள் அதில் தங்கிப் படித்தார்கள். அங்கேதான் முதல் சோதனை வந்தது.

எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார் ரேனியஸ். சிலர் மறுத்துவிட்டார்கள். பெற்றோர்களும் ஒப்பவில்லை. விட்டுக்கொடுத்தால் பள்ளி நடக்கும். பிடிவாதம் பிடித்தால் பள்ளி காலியாகும்.

ரேனியஸ் விட்டுக்கொடுக்கவில்லை. பள்ளியைக் கலைத்தே விட்டார்! பிறகு, சேர்ந்து உண்ண இசைந்த பிள்ளைகளைக் கொண்டு மறுபடியும் தொடங்கினார். உலகத்தில் எத்தனை தேசத்து மக்கள் இருக்கிறார்கள் என்று படிப்பவன், பக்கத்து இலையில் இருப்பவனை விலக்கலாமா?

பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிகள் வந்தன. பாளையங்கோட்டையில் இன்றும் ஊசிக்கோபுரம் என்று சொல்லப்படும் ஆலயம் 1826-ம் ஆண்டு எழுந்தது. அதைக் கட்டியவரும் ரேனியஸ்தான். வானளாவும் கோபுரம் பிற்காலத்தில் வந்தது.

புத்தகம் பிறந்தது

பள்ளிகள் பெருகின. பிள்ளைகள் வந்தார்கள். ஆனால் அவர்கள் கையில் கொடுக்கப் புத்தகம் எங்கே?

அந்த நாட்களில் வெள்ளைக்கார அதிகாரிகள் இந்த நாட்டை அங்குலம் அங்குலமாக அளந்துகொண்டிருந்தார்கள். லாம்டன் என்ற படை அதிகாரி 1802-ம் ஆண்டு சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பக்கத்தில் அளவையைத் தொடங்கினார். மலை உச்சியிலும் கோவில் கோபுரத்திலும் கருவிகளை வைத்து, தெற்கே குமரிமுனை வரைக்கும் அளந்து முடித்தார்கள். அருமையான கணக்கு! அற்புதமான படங்கள்!

ஆனால் அவை யாருக்குப் பயன்பட்டன? ஆண்டவர்களுக்குப் பயன்பட்டன. படை நடத்தவும் வரி வாங்கவும் பயன்பட்டன. அளக்கப்பட்ட நிலத்தில் ஏர் ஓட்டியவனின் பிள்ளைக்கு அந்த அறிவு வந்து சேரவில்லை. அது ஆங்கிலத்தில் இருந்தது. அதிகாரிகளின் பெட்டியில் இருந்தது.

ரேனியஸ் அந்த அறிவைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1832-ம் ஆண்டு அவருடைய பூமி சாஸ்திரம் அச்சில் வந்தது. பூமியையும் அதில் உள்ள தேசங்களையும் பற்றித் தமிழில் விளக்கிச் சொன்ன நூல் அது.

இது எவ்வளவு கடினமான வேலை என்று எண்ணிப் பாருங்கள். இன்று நமக்குத் தீபகற்பம், விரிகுடா, நீரிணை என்ற சொற்கள் எல்லாம் பாடப் புத்தகத்தில் தயாராக இருக்கின்றன. அன்று தமிழில் அப்படிப்பட்ட பாடப் புத்தகமே இல்லை. தமிழ்நாட்டுப் பிள்ளை கேட்டே இராத ஊர்களின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதவேண்டும். பனி என்றால் காலையில் புல்லின்மேல் நிற்கும் துளி என்று மட்டும் அறிந்த பிள்ளைக்கு, ஆறே உறைந்துபோகும் தேசத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அதுவும் வசனத்தில்!

அந்தக் காலத்துப் பண்டிதர்கள் செய்யுளைத்தான் மதித்தார்கள். வசனம் எழுதினாலும், படிப்பவர் திணறும்படி சொற்களைச் சேர்த்துச் சேர்த்து எழுதுவார்கள். ரேனியசின் வழி வேறு. ஒரு மொழியில் உள்ளதை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகும்போது, சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் போதாது. கேட்பவர் மொழியின் போக்கிலேயே பொருளைச் சொல்லவேண்டும் என்பது அவர் கொள்கை. மொழிபெயர்ப்பைப் பற்றி 1827-ல் ஒரு கட்டுரையே எழுதி வெளியிட்டார். அவர் திருத்தி மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1833-ல் வந்தது. 1834-ல் அவருடைய தமிழ் இலக்கண நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழ் கற்க வந்த வெளிநாட்டார் பலருக்கு அது பிறகும் கைகொடுத்தது.

அவர் மதத்தைப் பரப்ப வந்தவர்தான். அதை அவர் மறைக்கவும் இல்லை. பள்ளியும் புத்தகமும் அந்த நோக்கத்தோடு சேர்ந்தே வந்தன. ஆனால் பூமி உருண்டை என்ற உண்மை எந்த மதத்துக்கும் தனிச்சொத்து அல்ல. படித்த பிள்ளை யாராக இருந்தாலும் அந்த அறிவு அவனுக்குச் சொந்தமாகிவிட்டது.

அடைக்கலம் தேடியவர்கள்

ரேனியசின் பேச்சைக் கேட்டுக் கிராமம் கிராமமாக மக்கள் கிறிஸ்தவர்கள் ஆனார்கள். அவர்களில் பலர் ஏழைகள். நிலம் வைத்திருந்தவர்கள் சிலர் அவர்களைத் துன்புறுத்தினார்கள். குடியிருந்த இடத்தை விட்டே சிலர் போகவேண்டியதாயிற்று.

இவர்களுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார் ரேனியஸ். 1827-ம் ஆண்டு பிரஷ்யாவைச் சேர்ந்த டோனா பிரபு பண உதவி அனுப்பினார். அந்தப் பணத்தில் உருவான ஊருக்கு டோனாவூர் என்று பெயர் வந்தது. இன்றும் நெல்லைச் சீமையில் அந்த ஊர் இருக்கிறது. எங்கோ ஐரோப்பாவில் இருந்த ஒரு பிரபுவின் பெயர், தமிழ்நாட்டு வரைபடத்தில் ஓர் ஊராக நிற்கிறது!

1830-ம் ஆண்டு தரும சங்கம் என்ற அமைப்பையும் ஏற்படுத்தினார். மக்கள் தாங்களே கொடுத்த காணிக்கையால் நிலமும் வீடும் வாங்க அது உதவியது.

வேலை போயிற்று

இருபது ஆண்டுகள் உழைத்தவருக்கு 1835-ல் பெரிய இடி விழுந்தது.

ரேனியஸ் லூத்தரன் சபையில் குருப்பட்டம் பெற்றவர். அவரை அனுப்பிய சங்கமோ இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தது. தம்மிடம் பயிற்சி பெற்ற தமிழ் உபதேசியார்களுக்குத் தம் வழக்கப்படியே குருப்பட்டம் கொடுக்கவேண்டும் என்றார் ரேனியஸ். ஆங்கிலப் பிஷப்புதான் கொடுக்கவேண்டும் என்றது சங்கம். இந்த நிலையில், இங்கிலாந்துத் திருச்சபையின் சில முறைகளைக் கண்டித்து ரேனியஸ் எழுதி அச்சிட்டும் விட்டார். சங்கம் பொறுக்கவில்லை. அவருடன் இருந்த தொடர்பை அறுத்துக்கொண்டது.

ஒரே நாளில் எல்லாம் போயிற்று. அவர் கட்டிய ஆலயம் அவருடையது அல்ல. அவர் தொடங்கிய பள்ளிகளும் அவருடையவை அல்ல. மனைவி மக்களோடு பாளையங்கோட்டையை விட்டு வெளியேறினார். ஆர்க்காட்டுக்குப் போய் அங்கே புதிதாக வேலை தொடங்க முனைந்தார்.

ஆனால் நெல்லை மக்கள் அவரை மறக்கவில்லை. உபதேசியார்கள் பலர் திரும்பி வரும்படி அவரை அழைத்தார்கள். சில மாதங்களில், அதே 1835-ல், ரேனியஸ் திரும்பி வந்தார். சங்கத்தின் உதவி இல்லாமல் தனியாகவே ஊழியத்தை நடத்தினார்.

அதனால் நன்மையும் வந்தது, தீமையும் வந்தது. சபை இரண்டாகப் பிரிந்தது. பல ஊர்களில் ஒரே குடும்பத்தார் போல இருந்தவர்கள், இவர் பக்கம் சிலரும் அவர் பக்கம் சிலருமாக நின்றார்கள். ஜெபக்கூடம் யாருக்கு என்ற சச்சரவும் எழுந்தது. ரேனியஸ் திரும்பியது சரியா, தவறா என்று அன்றே இரண்டு பேச்சு இருந்தது. தம்மை நம்பி வந்தவர்களைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை என்பது மட்டும் உண்மை.

உறங்கும் இடம்

வேலைப் பளுவும் மனவேதனையும் உடம்பைத் தின்றன. 1838-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி ரேனியஸ் காலமானார். அப்போது அவருக்கு வயது 47தான். தமிழ்நாட்டுக்கு வந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. இடையில் ஒருமுறைகூட அவர் பிறந்த நாட்டுக்குத் திரும்பவில்லை.

பாளையங்கோட்டை அடைக்கலபுரத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் மறைந்த பிறகு, பிரிந்தவர்கள் பழையபடி ஒன்று சேர்ந்தார்கள். அவருடைய நாட்குறிப்புகளைத் தொகுத்து, அவர் மகன் 1841-ல் வாழ்க்கை வரலாறாக லண்டனில் வெளியிட்டார்.

அவர் வித்திட்ட பள்ளிப் படிப்பு வளர்ந்தது. பள்ளிகளும் கல்லூரிகளும் நிறைந்த பாளையங்கோட்டையைத் தென்னாட்டின் ஆக்ஸ்போர்டு என்று பிற்காலத்தில் ஜனங்கள் புகழ்ந்தார்கள்.

அலை கடந்த அறிவு

ரேனியசின் பூமி சாஸ்திரத்தை இன்று யாரும் பாடமாகப் படிப்பதில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ நாடுகள் பிறந்தன. எத்தனையோ எல்லைகள் மாறின. அவர் பிறந்த பிரஷ்யா என்ற நாடே இப்போது உலகப் படத்தில் இல்லை.

அவர் இறங்கிய கடற்கரையும் மாறிவிட்டது. 1875-க்குப் பிறகு கடலில் கல்லைக் கொட்டிச் சென்னைத் துறைமுகத்தைக் கட்டினார்கள். கயிற்றால் தைத்த மசூலாப் படகு போயிற்று. துறைமுகத்துக்கு வடக்கே காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் வந்தது. இயந்திரப் படகுகள் வந்தன. இப்போது கடலோடிகளின் கையில் திசை காட்டும் கருவி இருக்கிறது. வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள் அதற்கு வழி சொல்கிறது.

ஆனால் ஒன்று மாறவில்லை. ஏழைப் பிள்ளைக்கும் உலகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அதை அந்தப் பிள்ளையின் தாய்மொழியிலேயே சொல்லவேண்டும். அதற்காகத்தான் ரேனியஸ் பாடுபட்டார்.

இரவில் காசிமேட்டு வீட்டுத் திண்ணையில் ஒரு சிறுமி புத்தகத்தைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருப்பாள். வங்காள விரிகுடாவின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, இதுதான் நம் ஊர் என்று பாட்டிக்குக் காட்டுவாள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி அந்தப் புள்ளியை விரலால் தடவிப் பார்ப்பாள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்காக அந்தப் பாடத்தைத் தொடங்கி வைத்தவர், ஒரு நாள் இதே கரையில்தான் அலை தாண்டி வந்து இறங்கினார்.